நைட் டூட்டி டிரைவர் வீடு: சாப்பாடு, நடை, தூக்கம் மூணுல எதை முதல்ல சரி பண்றது?

வைகைக்கரை (ராத்திரி 11.20)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதுறேன், பொறுத்துக்கோங்க. எங்க வீட்டுக்காரர் மதுரை டு சென்னை நைட் பஸ் ஓட்டுறார், பதினாறு வருஷமா ராத்திரி டூட்டிதான், வயசு 46. போன மாசம் மக்களைத் தேடி மருத்துவத்துல இருந்து ஒரு அக்கா எங்க மாமியாருக்கு பிரஷர் பாக்க வந்தாங்க, அன்னைக்கு இவரும் வீட்ல இருந்ததால சும்மா கையை நீட்டுனாரு, 154/98னு காட்டுச்சு. கொஞ்ச நேரம் உக்கார வச்சு மறுபடி பாத்தாங்க, கிட்டத்தட்ட அதேதான். அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் குடுத்ததுல மூணு மாச சுகர் சராசரி 6.2. சுகர் நோய்னு இன்னும் ஆகல, ஆனா வாசல் வரைக்கும் வந்துருச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. பிரஷருக்கு மாத்திரை ஆரம்பிச்சாச்சு.

அவரோட ஒரு நாள் எப்படின்னா, ராத்திரி ஒன்பது மணிக்கு வண்டி எடுப்பார். ஒரு மணி வாக்குல ரோட்டோர ஹோட்டல்ல நிறுத்துவாங்க, டிரைவர் கண்டக்டருக்கு அங்க காசு வாங்க மாட்டாங்க, மூணு பரோட்டா சால்னா ஆம்லெட். மூணு மணிக்கு தூக்கம் அசத்தும்போது டீ, அப்புறம் இன்னொரு டீ, மொத்தத்துல ஒரு ராத்திரிக்கு அஞ்சு டீ, எல்லாத்துலயும் சர்க்கரை. காலைல சென்னை ரெஸ்ட் ரூம்ல தகர ஷீட்டுக்கு கீழ நாலு மணி நேரம் தூங்கினா பெரிசு. மறுநாள் ராத்திரி திரும்ப. வீட்ல இருக்கிற நாள்ல எட்டு மணிக்கு படுத்தா பதினோரு மணிக்கெல்லாம் யாராவது எழுப்பி விட்டுருவாங்க.

ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அண்ணன் வாக்கிங் போகச் சொல்றாரு, கொழுந்தியா சிறுதானியம்னு சொல்றா. மூணையும் ஒரே நேரத்துல மாத்துறதுக்கு அவருக்கு உடம்புல தெம்பு இல்ல, அதை நான் கண்ணால பாக்குறேன். எதுல ஆரம்பிக்கட்டும்?

கொங்குத்தம்பி (ராத்திரி 11.48)

அக்கா என் அனுபவத்துல சொல்றேன், தசை இருந்தாத்தான் சுகர் கட்டுப்படும். நம்ம சாப்பிடுற சர்க்கரையை உள்ள இழுத்து சேர்த்து வைக்கிற பெரிய இடமே தசைதான், உக்காந்தே வேலை பாத்தா அது கரைஞ்சுட்டே போகும். மாமாவை வாரத்துல ரெண்டு நாள் ஸ்குவாட், புஷ்அப் எடுக்கச் சொல்லுங்க, ஜிம்முக்கெல்லாம் போக வேண்டாம், வீட்லயே சேர்ல உக்காந்து எந்திரிக்கிறது பதினைஞ்சு தடவை மூணு செட் போதும். உலக சுகாதார நிறுவனமே வாரம் 150 நிமிஷத்துல இருந்து 300 நிமிஷம் வரைக்கும் மிதமான உடற்பயிற்சி, அதோட ரெண்டு நாள் தசைக்கான பயிற்சின்னு 2020ல சொல்லிருக்காங்க. எங்க அப்பாவுக்கும் சுகர் இருக்குங்கக்கா, அதனால இதுல எனக்கு ரொம்ப அக்கறை.

நூல்மில் (ராத்திரி 12.35)

தங்கச்சி, நான் ஸ்பின்னிங் மில்லுல பன்னெண்டு வருஷம் நைட் ஷிப்ட் பாத்தவன். மேல தம்பி சொன்னது தப்பில்ல, ஆனா தூங்காத உடம்பை எந்திரிச்சு ஸ்குவாட் போடுன்னா போடாது. நானும் அப்படித்தான் மூணு தடவை வாக்கிங் ஆரம்பிச்சு மூணு தடவையும் பத்து நாளைக்கு மேல தாண்டல, ஒவ்வொரு தடவையும் நம்ம சோம்பேறின்னு நம்மளையே திட்டிக்குவேன். சோம்பேறித்தனம் இல்லன்னு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது.

எங்க வீட்ல என்ன செஞ்சாங்கன்னா, ரூம் ஜன்னல்ல கறுப்பு குடைத்துணி ரெண்டு மடிப்பா வச்சு ஆணி அடிச்சுட்டாங்க, பகல்ல கதவை சாத்தினா கை தெரியாது. காலிங் பெல் வயரை கழட்டியாச்சு. போன் அடுப்படியில. சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு, சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடி யாரும் வராதீங்கன்னு. மொதல்ல கோவிச்சுக்கிட்டாங்க, எங்க பெரியம்மா ஒரு வருஷம் பேசவே இல்ல. ராத்திரி எல்லாரும் தூங்குற நேரத்துல ரெண்டு மணிக்கு ஒருத்தர் வீட்டு கதவை தட்டுவாங்களா? நைட் ஷிப்ட் பாக்குறவனுக்கு பகல் பன்னெண்டு மணிதான் ராத்திரி ரெண்டு மணி. இதை வீட்டு ஆளுங்க ஒத்துக்கிட்டாலே பாதி முடிஞ்சுது. தூக்கம் ஆறு ஆறரை மணி நேரம் ஆன பிறகுதான் என்னால நடக்கவே முடிஞ்சுது, பசியும் அடங்குச்சு.

ஊசிமருந்து (காலை 6.10)

நான் ஸ்டாஃப் நர்ஸ், எனக்கும் ராத்திரி டூட்டி உண்டு, அதனால இந்த பதிவை தாண்டிப் போக மனசு வரல.

நூல்மில் அண்ணன் சொன்ன பசி அடங்குன விஷயம் நெஜம். தூக்கம் குறைஞ்சா பசி மட்டுமில்ல, சுகரும் கெடும். 1999ல ஒரு ஆராய்ச்சி, ஆரோக்கியமான 11 இளம் ஆம்பளைங்களை ஆறு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டாங்க, அந்த ஆறு நாள்லயே அவங்க உடம்பு சர்க்கரையை கையாளுற விதம் கெட்டுப்போய் சுகர் வரப்போற வயசானவங்க மாதிரி ஆயிருச்சு. அவங்க சாப்பாட்டுல தப்பு இல்ல, எடையும் ஒண்ணும் பெரிசில்ல. இவரு பதினாறு வருஷமா அப்படி இருக்காரு.

அடுத்தது அந்த ஒரு மணி பரோட்டா. ராத்திரி இருட்டுன பிறகு மெலடோனின்னு ஒரு தூக்க ஹார்மோன் சுரக்கும், அது கணையத்துல இன்சுலினை கொஞ்சம் அடக்கி வைக்கும், அதனால அதே மூணு பரோட்டா மத்தியானம் சாப்பிட்டா ஏறுற சுகரை விட ராத்திரி சாப்பிட்டா அதிகமா ஏறும், ரொம்ப நேரம் நிக்கும். 2021ல 19 பேரை வச்சு நைட் ஷிப்ட் மாதிரியே செட்டப் பண்ணி பாத்தாங்க, ராத்திரியிலயும் சாப்பிட்டவங்களுக்கு சராசரி சுகர் 6.4 சதவீதம் ஏறுச்சு, அதே நைட் வேலை பாத்தும் சாப்பாட்டை பகலுக்குள்ள முடிச்சவங்களுக்கு ஏறல. சின்ன ஆராய்ச்சிதான், ஆனாலும் எனக்கு அது பெரிய விஷயம், ஏன்னா டூட்டியை மாத்த முடியாதவங்க சாப்பாட்டு நேரத்தையாவது மாத்தலாம்ல. கிளம்புறதுக்கு முன்னாடி ஏழு மணிக்கு வயிறார சாப்பிட்டுட்டு, நடுராத்திரி பசிச்சா ரெண்டு அவிச்ச முட்டையோ சுண்டலோ மோரோ, அவ்ளோதான். டீ ரெண்டு, சர்க்கரை இல்லாம.

இப்ப முக்கியமா ஒண்ணு கேக்கணும், தயவுசெஞ்சு யோசிச்சு பதில் சொல்லுங்க. குறட்டை விடுவாரா? குறட்டை நடுவுல நின்னு, அப்புறம் திணறுற மாதிரி மூச்சை இழுப்பாரா? எந்திரிக்கும்போது தலை வலிக்குதும்பாரா? சட்டை காலர் சைஸ் என்ன?

டிக்கெட்பை (காலை 9.05)

தாயி, நான் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன், 34 வருஷ சர்வீஸ். என்கூட வேலை பாத்த டிரைவர்கள்ல பாதி பேருக்கு ரிட்டையர் ஆகுறதுக்குள்ள நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாச்சு. கண்டக்டர்ல அவ்வளவு இல்ல. நாங்க பஸ் நிறைய கூட்டத்துல முன்னாடி பின்னாடி நுழைஞ்சு நுழைஞ்சு டிக்கெட் குடுப்போம், டவுன் பஸ்ஸுல ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடந்தோம்னு கணக்கே இல்ல. நாங்கல்லாம் அதை உடற்பயிற்சின்னு நினைச்சதில்ல, கால் வலின்னுதான் நினைச்சோம். ரிட்டையர் ஆகி வீட்ல டிவி முன்னாடி உக்காந்த ரெண்டாவது வருஷம் எனக்கு சுகர் வந்துருச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது அந்த கால் வலிதான் என்னை காப்பாத்திட்டு இருந்திருக்குன்னு. அதனால நடக்கச் சொல்லுங்க தாயி, வண்டி ஹோட்டல்ல நிக்கிற இருபது நிமிஷத்துல பத்து நிமிஷம் வண்டியைச் சுத்தி நடந்தாலும் போதும்.

கணக்குப்புள்ள (காலை 10.40)

ஐயா நீங்க சொன்னதைத்தான் லண்டன்ல ஜெரமி மாரிஸ்னு ஒரு டாக்டர் கணக்கெடுத்து காட்டுனாரு. அங்க டபுள் டெக்கர் பஸ், டிரைவர் நாள் பூரா உக்காந்தே இருப்பார், கண்டக்டர் ஒரு ஷிப்டுக்கு 500ல இருந்து 750 படி வரைக்கும் ஏறி இறங்குவார். ஒரே ஊரு, ஒரே கம்பெனி, கிட்டத்தட்ட ஒரே சம்பள மட்டம். ஏறக்குறைய 31,000 பேர், 35ல இருந்து 64 வயசுக்குள்ள. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தவங்களுக்கும் லேட்டா வந்துச்சு, உயிரைக் கொண்டு போறதும் குறைவு. 1953ல வெளியாச்சு. அதுக்கு முன்னாடி உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் தொடர்பு இருக்குன்னு இவ்ளோ தெளிவா யாரும் எண்ணிக் காட்டுனதில்ல.

ஆனா நான் புள்ளியியல் பாடம் எடுக்கிறவன், அதனால அடுத்த பாதியையும் சொல்லணும், இதை யாரும் சொல்றதே இல்ல. மூணு வருஷம் கழிச்சு அதே குழு ஒரு கேள்வி கேட்டுச்சு, ஒருவேளை டிரைவர் வேலைக்கு வர்றவங்களே ஆரம்பத்துலயே கொஞ்சம் பருமனா இருந்தாங்களான்னு. அதை எப்படி கண்டுபிடிக்கிறது? கம்பெனி தைச்சுக் குடுத்த யூனிஃபார்ம் பேன்ட் அளவு ரெஜிஸ்டர்ல இருக்கு. அதை எடுத்துப் பாத்தாங்க. இளம் வயசு டிரைவருக்கே இடுப்பு சுற்றளவு கண்டக்டரை விட கூடுதலா இருந்துச்சு. அப்ப வித்தியாசம் முழுக்க படி ஏறுனதால வந்ததுன்னு சொல்ல முடியாது. தன் கண்டுபிடிப்புல தானே ஓட்டை தேடுன மனுஷங்க, எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை. மாரிஸ் அதோட விடல, தபால்காரர்கள், உக்காந்து வேலை பாக்குற அரசு ஊழியர்கள்னு பல வருஷம் தேடினாரு, உடற்பயிற்சியோட பலன் அப்பவும் நின்னுச்சு. அவரு 99 வயசு வரைக்கும் இருந்தாரு, 2009லதான் காலமானாரு.

அதனால வைகைக்கரை மேடம், இவரோட பெல்ட் இப்ப எந்த ஓட்டைல இருக்கு, வேலைக்கு சேந்தப்ப எந்த ஓட்டைல இருந்துச்சுன்னு பாருங்க. நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர் தாண்டினாலே கவனிக்கணும், எடை மெஷினை விட இன்ச் டேப் உண்மை பேசும்.

கொங்குத்தம்பி (பகல் 12.15)

பேன்ட் அளவு விஷயம் எனக்கு புதுசுங்க, நன்றி. ஆனா தூக்கத்தை சரி பண்ணிட்டு அப்புறம் நடக்கலாம்னு இருந்தா அந்த அப்புறம் வரவே வராதுன்னு பயமா இருக்கு. எங்க அப்பா அப்படித்தான் தள்ளிப் போட்டாரு. டல்லாஸ்ல 1966ல இருபது வயசு பசங்க அஞ்சு பேரை மூணு வாரம் படுக்கைலயே வச்சு பாத்தாங்க, முப்பது வருஷம் கழிச்சு அதே அஞ்சு பேரை சோதிச்சா, முப்பது வருஷ வயசாலயும் போகாத தெம்பு அந்த மூணு வாரத்துல போயிருந்துச்சு. அசையாம இருக்கிறது அவ்ளோ கெடுதல். நல்ல செய்தி என்னன்னா அம்பது வயசுல ஆறு மாசம் பயிற்சி குடுத்ததும் வயசுல இழந்த மூச்சு சக்தி திரும்பி வந்துச்சு.

வைகைக்கரை (ராத்திரி 9.50)

எல்லாரும் இவ்ளோ எழுதியிருக்கீங்க, கண்ணு கலங்கிருச்சு. பெல்ட் பாத்தேன். பழைய ஓட்டை மூணாவது, இப்ப கடைசி ஓட்டையும் தாண்டி ஆணியை சூடு பண்ணி புதுசா ஒண்ணு போட்டிருக்காரு. டேப் வச்சு அளந்தா 101.

நர்ஸக்கா கேட்டதுக்கு பதில் சொல்றேன். குறட்டை உண்டு, நாங்க எல்லாரும் அசதியில வர்றதுன்னுதான் நினைச்சோம். இன்னைக்கு காலைல அவரு தூங்கும்போது நான் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்தேன். மல்லாக்க படுத்திருந்தார். குறட்டை ஏறிட்டே போச்சு, திடீர்னு நின்னுச்சு. நெஞ்சு மட்டும் ஏறி இறங்குது, காத்து போகல, மூக்குகிட்ட புறங்கையை வச்சுப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. மனசுக்குள்ள எண்ணுனேன். ஒண்ணு ரெண்டுன்னு இருபத்தி மூணு வரைக்கும் வந்தேன். எழுப்பிடலாம்னு கை நீட்டுறதுக்குள்ள தண்ணிக்குள்ள இருந்து தலையைத் தூக்குன ஆளு மாதிரி ஒரு இழுப்பு, உடம்பே தூக்கிப் போட்டுச்சு, மறுபடி குறட்டை. பத்து நிமிஷத்துல நாலு தடவை. பதினெட்டு வருஷமா பக்கத்துல படுக்குறேன், ஒரு நாள் கூட முழிச்சிருந்து பாத்ததில்ல.

காலர் 42 சென்டிமீட்டர். தலைவலி தினமும் உண்டு, வெயில்னு சொல்வாரு.

சாயங்காலம் சொன்னேன். கோவம் வந்துருச்சு. டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு போயி வியாதின்னு எழுதிட்டா நைட் டூட்டியில இருந்து தூக்கிருவாங்க, பேட்டா போயிரும், பெரியவ காலேஜ் பீஸ் எப்படி கட்டுறதுன்னு கேட்டார். எனக்கு பதில் தெரியல.

ஊசிமருந்து (ராத்திரி 10.15)

தங்கச்சி, நேரா சொல்றேன். இது தூக்கத்துல மூச்சு தடைபடுற நோயா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, ஸ்லீப் ஆப்னியான்னு சொல்வாங்க. படுத்ததும் தொண்டை சதை தளர்ந்து மூச்சுக்குழலை அடைக்குது, ரத்தத்துல ஆக்சிஜன் இறங்குது, மூளை பயந்து போயி எழுப்பி விடுது, அந்த ஒவ்வொரு தடவையும் பிரஷர் எகிறும், இதயம் அடிச்சுக்கும். அவரு நாலு மணி நேரம் தூங்குறாருன்னு எழுதுனீங்க, அதுல உண்மையான தூக்கம் எவ்ளோன்னு யோசிச்சுப் பாருங்க. 154/98க்கும் இதுக்கும் தொடர்பு இருக்கலாம். பெரிய அரசு மருத்துவமனைல நெஞ்சக நோய்ப் பிரிவுல போய் கேளுங்க, ஒரு ராத்திரி உடம்புல வயர் மாட்டி தூங்க வச்சு பாப்பாங்க.

இந்த வாரமே போங்க. பகல்ல ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்குற ஒருத்தரா இருந்தா நான் இவ்ளோ அவசரப்படுத்த மாட்டேன்.

டிக்கெட்பை (ராத்திரி 10.50)

தாயி, பேட்டா விஷயத்துல நான் பேசுறேன். நான் சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு ராத்திரி முன் சீட்டுல உக்காந்திருந்தேன், விழுப்புரம் தாண்டி, மூணரை மணி. வண்டி மெல்ல இடது பக்கம் போகுது. எதிர்ல வண்டி இல்ல, வளைவும் இல்ல. டிரைவர் கண்ணு திறந்துதான் இருந்துச்சு, ஆனா ஆளு இல்ல. நான் தோளைப் பிடிச்சு உலுக்குனேன், டயர் அதுக்குள்ள மண்ணுல இறங்கிருச்சு. பின்னாடி 46 பேர் தூங்குறாங்க, ஒருத்தருக்கும் தெரியாது. அவருக்கும் உங்க வீட்டுக்காரர் மாதிரியே குறட்டை, ரெஸ்ட் ரூம்ல அவரு பக்கத்துல யாரும் படுக்க மாட்டோம், கேலி பண்ணுவோம். அது வியாதின்னு எங்க யாருக்கும் தெரியாம போச்சு.

அதனால அவரை டெஸ்ட்டுக்கு கூட்டிட்டு போங்க. ரிப்போர்ட் வந்த பிறகு யூனியன்ல பேசி பகல் டூட்டி கேக்கலாம், மருத்துவக் காரணத்துக்கு கேட்டு வாங்குன ஆளுங்களை எனக்குத் தெரியும். வேணும்னா அவருகிட்ட நான் பேசுறேன், டெப்போகாரன் சொன்னா டெப்போகாரன் கேப்பான்.

கணக்குப்புள்ள (மறுநாள் காலை 7.30)

6.2க்கு இன்னொரு விஷயம் சொல்லணும், ஏன்னா விதின்னு விட்டுரக் கூடாது. சென்னைல டாக்டர் ராமச்சந்திரன் குழு இதே மாதிரி வாசல்ல நின்ன 531 பேரை மூணு வருஷம் கவனிச்சாங்க, 2006ல வெளியிட்டாங்க. சும்மா விட்ட குழுவுல நூத்துக்கு 55 பேருக்கு சுகர் வந்துருச்சு. நடை, சாப்பாடு மாத்துன குழுவுல 39 பேர். அவங்களுக்கு எடை பெரிசா குறையவே இல்ல, அப்படியும் பலன் கிடைச்சுது, இதை எல்லா வீட்லயும் சொல்லணும், எடை குறையலைன்னு பாதியில விடுற ஆளுங்கதான் இங்க அதிகம். சீனாவுல டாச்சிங்னு ஒரு ஊர்ல 1986ல ஆரம்பிச்சு ஆறு வருஷம் மட்டும் இப்படி செஞ்சாங்க, முப்பது வருஷம் கழிச்சு பாத்தா சுகர் வந்தது கிட்டத்தட்ட நாலு வருஷம் தள்ளிப் போயிருந்துச்சு, மாரடைப்பு பக்கவாதமும் குறைவு.

சிறுதானியம் பத்தி கொழுந்தியா சொன்னதுக்கு, கேழ்வரகைக் கூழா கரைச்சு சொம்பு சொம்பா குடிச்சா சுகர் ஏறத்தான் செய்யும், பேர்ல ஒண்ணும் இல்ல. தட்டுல காய், பருப்பு, முட்டையை முதல்ல சாப்பிட்டு சோத்தை கடைசில கொஞ்சமா சாப்பிடச் சொல்லுங்க.

வைகைக்கரை (நாலரை மாசம் கழிச்சு, காலை 11.00)

இந்த இழையை மறந்துருப்பீங்க, ஆனா சொல்லாம இருக்க முடியல.

டெஸ்ட் எடுத்தாச்சு. ஒரு மணி நேரத்துக்கு 38 தடவை மூச்சு தடைபடுதுன்னு வந்துச்சு, 30க்கு மேல போனாலே தீவிரம்னு சொன்னாங்க. மூக்குல மாட்டுற மாஸ்க் மெஷின் வாங்கியிருக்கோம், நகையை வச்சுத்தான். முதல் பத்து நாள் பிடுங்கிப் பிடுங்கி எறிஞ்சார். டிக்கெட்பை ஐயா வீட்டுக்கே வந்து ரெண்டு மணி நேரம் பேசிட்டுப் போனார், என்ன பேசுனாங்கன்னு எனக்குத் தெரியாது, அன்னைக்கு ராத்திரில இருந்து மாஸ்க்கை கழட்டல.

கறுப்பு துணி அடிச்சாச்சு. பகல் டூட்டி கேட்டு எழுதிக் குடுத்து ரெண்டு மாசம் அலைஞ்சு இப்ப கம்பம் ரூட்ல போட்டிருக்காங்க. பேட்டா குறைஞ்சுதான் போச்சு, நான் ரெண்டு பேருக்கு பிளவுஸ் தைச்சுட்டு இருந்தேன், இப்ப பத்து பேருக்கு தைக்கிறேன். பரோட்டா வாரத்துல ஒரு தடவை, பகல்ல. தூங்க ஆரம்பிச்ச மூணாவது வாரம், நான் ஒண்ணும் சொல்லல, அவரே செருப்பை மாட்டிட்டு சாயங்காலம் வைகைக்கரை வரைக்கும் நடந்துட்டு வந்தார். இப்ப தினமும். கொங்குத்தம்பி சொன்ன சேர் பயிற்சியை புள்ளைங்க எண்ண எண்ண செய்றார்.

சுகர் 5.8. பிரஷர் மாத்திரையோட 132/84. எடை ரெண்டே கிலோதான் குறைஞ்சிருக்கு, கணக்குப்புள்ள சார் சொன்னதால நான் கலங்கல, இடுப்பு 101ல இருந்து 96. காலைல தலைவலி இல்ல.

ஊசிமருந்து (பகல் 1.20)

டூட்டி முடிஞ்சு பஸ்ல உக்காந்து படிச்சுட்டு அழுதுட்டேன் தங்கச்சி. எதால 5.8 ஆச்சுன்னு பிரிச்சு சொல்ல முடியாது, மெஷின் மட்டும் போட்டா சுகர் இறங்கும்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவரு தூங்குனதால நடந்தாரு, ராத்திரி சாப்பாடும் நின்னுச்சு, எல்லாம் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுட்டு வந்திருக்கு. மாத்திரையை நீங்களா நிறுத்திராதீங்க, மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட்.

வைகைக்கரை (பகல் 1.45)

நிறுத்த மாட்டோம் அக்கா. ஒரே ஒரு சந்தேகம், மாஸ்க் போட்டு எந்திரிச்சா மூக்கும் தொண்டையும் காய்ஞ்சு எரியுதுங்கிறார், இது எல்லாருக்கும் இருக்குமா?

ஊசிமருந்து (பகல் 2.05)

நிறைய பேருக்கு இருக்கும். மெஷின்ல தண்ணி ஊத்துற ஒரு சின்ன டப்பா இருக்கான்னு பாருங்க, காத்தை ஈரமாக்குறதுக்குத்தான் அது. இருந்தா டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க, குழாய்த் தண்ணி வேண்டாம், தினமும் கொட்டிட்டு கழுவி காய வைங்க. அப்படியும் எரிஞ்சா வாய் திறந்து தூங்குறாரா இருக்கலாம், ஒரு நாள் மறுபடி ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்துட்டு எனக்கு சொல்லுங்க.